கங்கைகொண்ட சோழபுரத்து விமானமும் பொதுவகத்தின் மதிப்பாய்வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாம் எடுத்த ஒரு படத்தை முழு அளவில் திறந்து, மூலைக்கு மூலை பார்த்து, 'இந்த இடத்தில் இது சரியில்லை' என்று சுட்டிக்காட்ட ஆள் கிடைப்பது அரிது. விக்கிமீடியா பொதுவகத்தில் அது கிடைக்கிறது. அங்கே படங்களை மதிப்பாய்வு செய்யும் பங்களிப்பாளர்களில் நானும் ஒருவன். என் கண்முன்னே ஒருவருடைய படங்கள் எப்படி மாறின, எதனால் மாறின என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். பாராட்டினால் அவர் வளரவில்லை என்பதே என் முடிவு. எழுதிவைத்த ஓர் அளவுகோலின்படி குறையை இடம்சுட்டிச் சொன்னதாலும், பிறகு அதே வேலையை அடுத்தவர் படங்களுக்கு அவரே செய்ததாலும் வளர்ந்தார்.

களம்

பொதுவகம் 2004 செப்டம்பர் 7 அன்று தொடங்கப்பட்டது. விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளும் எடுத்துக்கொள்ளும் படங்கள் இருக்கும் பொதுக் களஞ்சியம் அது. இன்று அங்கே 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. இவ்வளவு குவியலில் நல்லதைப் பிரித்தெடுக்கத் தன்னார்வலர்களே மூன்று வழிகளை உருவாக்கினார்கள்: சிறப்புப் படங்கள், தரமான படங்கள், மதிப்புமிக்க படங்கள். கற்றுக்கொள்ள வருபவருக்கு இவற்றில் முக்கியமானது 2006இல் தொடங்கிய 'தரமான படங்கள்' என்னும் நடுவழி.

நடைமுறை எளிது. பங்களிப்பாளர் ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து படங்கள் வரை முன்மொழியலாம். படத்தைச் சுற்றி நீல விளிம்பு தெரியும். எடுத்தவரையும் முன்மொழிந்தவரையும் தவிர, கணக்கு தொடங்கிப் பத்து நாளாவது ஆகி, ஐம்பது திருத்தங்களாவது செய்த வேறு எவரும் மதிப்பாய்வு செய்யலாம். ஏற்றால் பச்சை, மறுத்தால் சிவப்பு. முடிவில் யாருக்காவது உடன்பாடு இல்லையென்றால் படம் பொது விவாதத்துக்குப் போகும். குறைந்தது 2 மெகாபிக்சல் வேண்டும். குறைகளை மறைப்பதற்காகப் படத்தைச் சுருக்கக் கூடாது. மூலையில் பெயர் முத்திரை கூடாது. கோப்பின் பெயரும் விவரக்குறிப்பும் பொருள் தருவதாக இருக்க வேண்டும். விலங்கு, தாவரம் என்றால் அறிவியல் பெயர் வேண்டும். கூர்மை, ஒளியளவு, நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற சிதறல்), நிறப் பிறழ்ச்சி (விளிம்புகளில் வரும் பொய் நிறம்), சாய்வு, செங்குத்துக் கோடுகள், தூசிப் புள்ளிகள் எல்லாம் பார்க்கப்படும்.

இந்தப் பட்டியல் சலிப்பூட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சலிப்பில்தான் அதன் பலம் இருக்கிறது. மதிப்பாய்வு செய்பவர் உங்கள் உறவினர் அல்ல, உங்களிடம் பொருள் விற்பவர் அல்ல, உங்களோடு பரிசுக்குப் போட்டியிடுபவரும் அல்ல. படம் நாளை ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் நிற்குமா என்பது மட்டுமே அவருக்குக் கேள்வி.

ஆசிரியர்

இந்த ஆய்வுக்கு உரியவர் அரியலூர் மாவட்டத்தில் வேலைபார்க்கும் வரலாற்று ஆசிரியர். பெயரைத் தவிர்க்கிறேன். கேமராவோடு சேர்த்தே விற்கப்படும் கிட் லென்ஸுடன் வாங்கிய சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராதான் அவரிடம் இருந்தது. செப்டம்பர் மாதத்தில் நடக்கும் 'விக்கி நினைவுச்சின்னங்களை நேசிக்கிறது' போட்டியின் வழியாக அவர் உள்ளே வந்தார். 2010இல் நெதர்லாந்தில் தொடங்கிய போட்டி அது. அடுத்த ஆண்டே ஐரோப்பா முழுவதும் பரவி 1,68,208 படங்களைச் சேர்த்து, உலகின் மிகப்பெரிய புகைப்படப் போட்டி என்று கின்னஸில் பதிவானது. 2012இல் இந்தியாவும் சேர்ந்தது. அந்த ஆண்டு உலக அளவில் முதலிடம் பெற்றது டெல்லி சப்தர்ஜங் கல்லறையின் படம்.

போட்டிகள் ஆட்களைக் கூட்டிவரும், அதை மறுக்க முடியாது. கற்றுத்தருமா என்றால், அதிகம் தராது. ஆசிரியர் ஏற்றிய படங்களில் ஒன்றும் தேர்வாகவில்லை. ஏன் தேர்வாகவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்க்கும் நடுவர்களால் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத முடியாது. பெரும்பாலான பங்கேற்பாளர்கள் அத்தோடு நின்றுவிடுவார்கள். இவர் நிற்கவில்லை. தன் படங்களில் சிறந்தது என்று தான் நினைத்ததைத் தரமான படமாக முன்மொழிந்தார்.

அது கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் கருவறைக்கு மேலே எழும் விமானத்தின் படம். அடிவாரத்தில் நின்று, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தது. நீல வானத்தில் கூர்நுனிபோல விமானம் எழுந்து நின்றது. அவருடைய நண்பர்கள் வட்டத்தில் அதற்கு ஏராளமான விருப்பக்குறிகள் கிடைத்திருந்தன. பொதுவகத்தில் சிவப்பு விளிம்பு விழுந்தது. காரணமாக மூன்று குறிப்புகள்: செங்குத்துக் கோடுகள் உள்நோக்கிச் சரிகின்றன, இலைகளின் ஓரத்தில் ஊதா விளிம்பு, வானத்தில் தூசிப் புள்ளிகள்.

விமானம்

முதல் குறிப்பை அவர் ஏற்கவில்லை. எனக்கு எழுதினார்: "சார், விமானம் என்றாலே மேலே போகப் போகக் குறுகத்தானே செய்யும்? சர்ச் கோபுரத்தைப் பார்த்துப் பழகியவர் நம் கோயிலை அப்படிப் பார்க்கிறார்." ஒரு வகையில் அது நியாயமான சந்தேகம். ஐரோப்பியக் கட்டடங்களின் சுவர்கள் பெரும்பாலும் நேர்க்குத்தாக நிற்கும்; படத்தில் சாய்ந்தால் உடனே தெரியும். நம் விமானங்களும் கோபுரங்களும் இயல்பிலேயே சரிந்து எழுபவை. அப்படியானால் எந்தக் கோட்டை வைத்து நேர் பார்ப்பது?

நான் அவரை விமானத்தின் மேல்தளங்களை விட்டுவிட்டு அடிச்சுவரைப் பார்க்கச் சொன்னேன். அதிட்டானம் என்னும் அடித்தளத்துக்கு மேல் எழும் கருவறைச் சுவரும் அதிலுள்ள அரைத்தூண்களும் நேர்க்குத்தானவை. அவருடைய படத்தில் இடப்பக்க அரைத்தூண் வலப்பக்கமாகவும், வலப்பக்க அரைத்தூண் இடப்பக்கமாகவும் சாய்ந்திருந்தன. அப்படியென்றால் மேலே தெரியும் குறுகலில் ஒரு பகுதி சோழர் கட்டியது, மீதி கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வந்தது.

இந்த இடத்தில்தான் இந்த நிகழ்வின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமும் கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானமும் தந்தையும் மகனும் எழுப்பியவை. முதலாம் இராசராசன் 1010இல் முடித்த தஞ்சை விமானம் நேர்க்கோடுகளால் ஆன கூம்பு: அடிச்சுவருக்கு மேலே நுனிவரை சரிவு நேராகப் போகும். இராசேந்திரன் சற்று உயரம் குறைத்துக் கட்டிய விமானத்தின் புறக்கோடு உள்நோக்கி வளைந்து, குழைந்து மேலே ஏறும். இரண்டையும் பிரித்துக் காட்டும் முதன்மையான அடையாளம் அந்த வளைவுதான். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் இரண்டு விமானங்களும் ஒரே மாதிரியான கூரிய முக்கோணங்களாகிவிடும். வகுப்பில் இந்த வேறுபாட்டைப் பலமுறை நடத்தியவர் அவர். அவருடைய படத்தில் அது இல்லை. மதிப்பாய்வாளருக்கு இராசேந்திரனைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோடுகள் சரிகின்றன என்று மட்டும்தான் அவர் பார்த்தார். ஆனால் அந்தக் குறை மறைத்திருந்தது சோழர் கட்டடக்கலையின் ஒரு முக்கியமான செய்தியை.

அவர் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: மென்பொருளில் மேல்பகுதியை அகலமாக இழுத்து நிமிர்த்தினார். பொதுவகத்தில் திருத்திய கோப்பைப் பழையதன் மீதே ஏற்றலாம். பழைய பதிப்பும் வரலாற்றில் அப்படியே இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தோம். அரைத்தூண்கள் நேராகிவிட்டன. ஆனால் உச்சியிலுள்ள சிகரம் ஊதிப் பெருத்து, விமானம் தலைகனத்து நம்மேல் கவிழ்வதுபோல இருந்தது. இழுத்த பகுதியில் கூர்மையும் போய்விட்டது. இன்னொரு மதிப்பாய்வாளர் ஒரே வரியில் எழுதினார்: மிகக் கிட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, மென்பொருளால் சரிசெய்ய முடியாது.

தீர்வு கால்களில் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் பின்னால் நகர இடம் உண்டு. மதுரைச் சித்திரை வீதியில் நிற்பவருக்குக் கிடைக்காத வசதி அது. சுற்றிலும் தொல்லியல் துறை பராமரிக்கும் புல்வெளி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 55 மீட்டர். 100 மீட்டர் தள்ளி நின்று, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, அண்ணாக்காமல் அடிவானத்துக்கு நேராகப் பிடித்தால், அவருடைய 18–55 லென்ஸின் 18 மில்லிமீட்டர் முனை சுமார் 65 மீட்டர் உயரம்வரை காட்டும். சிகரமும் கலசமும் உள்ளே வந்து, மேலே கொஞ்சம் வானமும் மிஞ்சும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் புல்லாக இருக்கும்; அதை வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டினாலும் 12 மிஞ்சும், கேட்பதோ 2.

கேமராவை அண்ணாக்காமல் நேராகப் பிடித்து, பாதிப் படத்தை வேண்டுமென்றே வீணாக்குவது என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. பெரும்பாலோருக்கும் அப்படித்தான். ஆனால் கட்டடத்தை நேராக எடுக்க கேமராவைச் சாய்க்காமலே உயரத்தைக் காட்டும் விலையுயர்ந்த ஷிஃப்ட் லென்ஸ் இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மறுபடி வடகிழக்கு மூலையிலிருந்து எடுத்த படத்தில் அரைத்தூண்கள் தாமாகவே நேராக நின்றன, புறக்கோட்டின் குழைவு தெளிவாகத் தெரிந்தது. அது பச்சை விளிம்பு பெற்றது. விளிம்பைவிட, கோப்பின் விவரக்குறிப்பில் அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்த வரி எனக்குப் பிடித்திருந்தது: தஞ்சை விமானத்தின் நேர்ச்சரிவோடு ஒப்பிட்டு இதன் வளைவைக் கவனிக்கவும் என்று எழுதியிருந்தார்.

தூசியும் ஊதா விளிம்பும்

மற்ற இரண்டு குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுவகத்தில் மதிப்பாய்வாளர் படத்தின் மேலேயே ஒரு கட்டம் வரைந்து குறிப்பு எழுதலாம். வானத்தில் அப்படிச் சில கட்டங்கள் இருந்தன. உள்ளே மங்கலான சாம்பல் வட்டங்கள். ஆசிரியர் அவற்றைத் தொலைவில் பறக்கும் பறவைகள் என்று நினைத்திருந்தார். அன்று எடுத்த மற்றப் படங்களைத் திறந்தபோது அதே வட்டங்கள் அதே இடங்களில் இருந்தன. சென்சாரில் படிந்த தூசி. லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி எடுத்ததால் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. துளை பெரிதான எஃப் 8இல் பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும், லென்ஸும் அங்கேதான் கூர்மையாக இருக்கும். காற்றுப் பம்பு ஒன்று வாங்கினார், எஃப் 8க்கு வந்தார். பிரகாசமான வானத்துக்கு எதிரே இலை விளிம்புகளில் வரும் ஊதா, பச்சைக் கோடுகளை, கேமரா பதிந்த மூலத் தரவான ரா கோப்பைத் திருத்தும்போது ஒரு பெட்டியைக் குறியிட்டு நீக்கலாம். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை யாராவது ஒருமுறை காட்டினால் போதும்.

ஒவ்வொரு கோப்பின் கீழும் கேமரா பதிந்த விவரங்கள் தெரிவதும் பெரிய உதவி. சிறப்புப் படமான ஒரு கோயில் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் எவ்வளவு, ஷட்டர் எத்தனை நொடி என்று உடனே பார்க்கலாம். தொல்லியல் துறைச் சின்னங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால், இருண்ட மண்டபங்களில் நம்மவர்களுக்கு இந்த விவரம் இன்னும் பயன்படும். தூணில் தோளைச் சாய்த்து, இரண்டு நொடி டைமர் வைத்து, மூச்சைப் பிடித்து அவர் எடுக்கப் பழகியது அப்படித்தான்.

அடுத்தவர் படங்கள்

ஆசிரியரின் வளர்ச்சியில் மிகப் பெரிய பாய்ச்சல் அவருடைய படங்களில் நிகழவில்லை. அவர் மதிப்பாய்வு செய்யத் தொடங்கியபோது நிகழ்ந்தது. முதலில் தயங்கினார். "எனக்கு என்ன தகுதி இருக்கிறது, சார்?" என்று கேட்டார். அளவுகோல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதை வைத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் முடிவு சொல்லாமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள் என்றேன்.

ஜெர்மனியின் கிராமத்துத் தேவாலயங்கள், ரயில் எஞ்சின்கள், காளான்கள், தும்பிகள் என்று தினமும் வரும் படங்களை அவர் முழு அளவில் திறந்து பார்த்தார். தன் படத்தைப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு எடுத்த அனுபவமும் சேர்ந்து தெரியும்: ஏறிய படிக்கட்டு, அன்றைய வெயில், கூட வந்த பிள்ளைகள். முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாதவர் எடுத்த படத்தில் அந்தத் துணை எதுவும் இல்லை. படம் மட்டுமே இருக்கும். தும்பியின் கண் கூர்மையாக இருந்து இறக்கை நுனி மங்கினால் பரவாயில்லையா, மேகத்தின் வெண்மை எரிந்துபோயிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி முடிவு சொல்ல வேண்டியிருந்தது. சில முடிவுகளை மற்றவர்கள் மறுத்து விவாதத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தன் பக்கத்தை விளக்கவும் பழகினார். சில மாதங்களில் அவர் எனக்கு அனுப்பும் கேள்விகள் குறைந்தன. ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே குறையைப் பார்த்துவிடுகிறார் என்பதை அவருடைய படங்களே சொல்லின.

புகைப்படம் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன்: படம் ஏற்றுவதைவிட மதிப்பாய்வு செய்வது வேகமாகக் கற்றுத்தருகிறது. பெரும்பாலோர் தங்கள் படங்களை மட்டும் முன்மொழிந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது ஒருபுறம். தங்களுக்கே செய்துகொள்ளும் நட்டமும்கூட.

கிடைக்காதவை

இந்த முறை தராதவற்றையும் சொல்ல வேண்டும். தரமான படம் என்பது தொழில்நுட்பச் சுத்தம். ஒரு படத்தை ஏன் எடுக்க வேண்டும் என்பதை அது சொல்லித்தராது. அதற்குச் 'சிறப்புப் படங்கள்' பக்கம் போக வேண்டும்: ஒன்பது நாள் வாக்கெடுப்பு, குறைந்தது ஏழு ஆதரவு, எதிர்ப்பைப்போல இரண்டு மடங்கு ஆதரவு. ஆசிரியர் தன் விமானப் படத்தை அங்கேயும் முன்மொழிந்தார், தேறவில்லை. குறையொன்றுமில்லை, ஆனால் கண்ணை நிறுத்தும்படி எதுவும் இல்லை என்றார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடே. நண்பகலுக்கு நெருங்கிய தட்டையான வெளிச்சம் அது. சூரிய அஸ்தமனங்கள் ஏறக்குறைய எல்லாமே அழகாகத்தான் இருக்கும், அதனாலேயே அவை சிறப்பாகிவிடா என்று அங்குள்ள வழிகாட்டுதல் சொல்வதையும் புதியவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

எனக்கு உடன்பாடில்லாதது வேறொன்று. வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள், கருத்துகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எந்த மொழியிலும் எழுதலாம் என்று விதி இருந்தாலும் நடைமுறை அப்படி இல்லை. தேர்த்திருவிழாவின் நெரிசலில் எடுத்த படத்தில் மின்கம்பி குறுக்கே போனால் அதைக் குறையாக எழுதுகிறார்கள். நம் தேரோடும் வீதிகளில் கம்பி போவதும், தேர் வரும்போது மின்வாரிய ஊழியர்கள் அதைக் கழற்றி வழிவிடுவதும் திருவிழாவின் பகுதி என்பது அவர்களுக்குத் தெரியாது. கங்கைகொண்ட சோழபுரத்தின் வடக்குப் படிக்கட்டருகே இருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தின் படம் விவாதத்துக்குப் போனபோது, சிவன் தன் பக்தர் சண்டேசரின் தலையில் சுற்றும் மலர்மாலையின் பகுதி நிழலில் மூழ்கியிருப்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சிற்பத்தின் உயிரே அந்த மாலையில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல அந்தச் சிற்பம் தெரிந்தவர் வேண்டும். ஆசிரியரே தன் படத்துக்கு எதிராக அதை எழுதி, படத்தை விலக்கிக்கொண்டார். அந்த நாளில்தான் அவர் மதிப்பாய்வாளராக முழுமை பெற்றார் என்று நான் எண்ணுகிறேன்.

தமிழ் அறிந்த மதிப்பாய்வாளர்கள் இன்னும் பலர் அங்கே தேவை. 2011–12இல் நடந்த தமிழ் விக்கி ஊடகப் போட்டி ஏராளமான படங்களைக் கொண்டுவந்தது. அதுபோன்ற முயற்சிகளால் நம் கோயில்கள், பயிர்கள், கருவிகள், உணவுகள் பலவற்றுக்குப் படம் கிடைத்தது. அவற்றைப் பார்த்துக் குறைநிறை சொல்லும் பழக்கம் அதே அளவுக்கு வளரவில்லை. படத்தைக் கட்டற்ற உரிமத்தில் கொடுக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டே பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொன்னால் பாதித் தயக்கம் நீங்கும். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பங்களையும் கட்டடங்களையும் படமெடுக்க 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவரொட்டிகளுக்கும் பதாகைகளுக்கும் அந்தச் சலுகை இல்லை.

ஆசிரியர் இப்போது வடக்குச் சுவர்ச் சிற்பங்களில் இறங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் சூரியன் தெற்கிலேயே போவதால் அந்தச் சுவருக்கு நேர்வெயில் கிடைக்காது. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை கிழக்குக்குச் சற்று வடக்கே சூரியன் உதிக்கும். காலையின் முதல் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் சிற்பங்களின் புடைப்பு எழுந்து தெரியும். ஜூன் மாதத்தில் அந்தக் கோணம் அதிகபட்சம். பள்ளி திறக்கும் பரபரப்பும் அப்போதுதான் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கியிருக்கிறார். ஒவ்வொரு சிற்பத்துக்கும் தமிழில் விவரக்குறிப்பு எழுதிய பிறகே முன்மொழிவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் சில படங்கள் நீல விளிம்போடு வரிசையில் நிற்கின்றன. சொந்த ஊர்க் கோயிலை அறிந்த யாரும் போய்த் திறந்து பார்த்துக் கருத்து எழுதலாம்.